ஏலத்தில் போன ஜெர்மன் காய்

“டீச்சரே, இது திங்கலாமா?”

வில்சன் இப்படிக் கேட்டபோது அவர் கையில் ஒரு சின்ன ஓலைப்பெட்டி இருந்தது. அதற்குள் பன்னிரண்டு கொட்டைகள். எண்ணெய் தடவித் துடைத்ததுபோல மினுமினுக்கிற தவிட்டு நிறம், ஒரு பக்கத்தில் மட்டும் வெளுத்த வட்டம். பந்தலில் இருந்த எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

கேரளத்துக்குள், எல்லையோரம் தமிழ் பேசுகிற எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுப்புப் பண்டிகை என்றால் ஆராதனை ஒன்றரை மணி நேரம், ஏலம் மூன்று மணி நேரம். வீட்டில் விளைந்ததில் முதலாவதை ஆலயத்தில் கொண்டுபோய்ப் படைப்போம். பிறகு முற்றத்தில் பந்தல் போட்டு அதையே ஏலம் விடுவார்கள். நேந்திரன் வாழைக்குலை, சேனை, காச்சில் கிழங்கு, மரச்சீனி என்று நாங்கள் சொல்கிற மரவள்ளிக் கிழங்கு, காலைக் கட்டிய சேவல் எல்லாம் வரும். ஏலம் சொல்கிறவர் வில்சன். ஆரியங்கோட்டில் உரக்கடை வைத்திருக்கிறார். மைக் இல்லாமலே அடுத்த ஊருக்குக் கேட்கும் குரல்.

ஏலத்தில் எடுத்ததை வீணாக்கக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். கத்திரிக்காய் சொத்தையாக இருந்தாலும் சொத்தையை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஆக்கித் தின்பார்கள். படைத்த பொருளைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது.

ஓலைப்பெட்டியில் இருந்த கொட்டைகள் எங்கள் வீட்டிலிருந்து போனவை. அவற்றைத் தின்னலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வில்சன் கேட்டது டீச்சரிடம். ‘தெரியாது’ என்ற சொல் என் வாயில் வராது. முப்பது வருஷப் பழக்கம்.

“திங்கலாம், திங்கலாம். நம்ம சக்கக்குரு மாதிரியாக்கும்” என்றேன். சக்கக்குரு என்றால் பலாக்கொட்டை.

இந்தத் தொடரில் இதுவரை அடுத்தவர்கள் அசடு வழிந்த கதைகளைத்தான் ருசித்து எழுதியிருக்கிறேன். இந்த வாரம் என் முறை.

காலும் கரும்பலகையும்

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். வகுப்பில் உட்கார்ந்து பாடம் எடுத்தால் பிள்ளைகள் உறங்கிவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை. அதனால் நின்றேன். நாற்பது வயது தாண்டியதும் முழங்காலுக்குக் கீழே நீலநிறத்தில் நரம்புகள் புடைக்க ஆரம்பித்தன. டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்கள், எங்கள் பக்கத்தில் ‘நரம்பு சுருட்டியிருக்கு’ என்பார்கள். சாயங்காலம் ஆனால் இரண்டு காலிலும் மணல்மூட்டை கட்டினமாதிரி ஒரு கனம்.

ஓய்வு பெற்றபிறகு கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கத் தொடங்கியது. புண்ணாவதற்குள் ஆப்பரேஷன் செய்துவிடுங்கள் என்று நெய்யாற்றின்கரையில் டாக்டர் சொன்னார். நான் அவரிடம் மலையாளத்தில் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தமிழில் மறுத்துவிட்டேன். பயம்தான், வேறு காரணம் இல்லை. மற்றவர்களிடம் மட்டும் ‘மருந்திலேயே மாறிவிடும், நான் படித்திருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டேன்.

என் கணவர் தங்கராஜ் பஸ் ஓட்டியவர். காட்டாக்கடை ரூட்டில் அவர் ஓட்டின காலத்தில் எந்த வளைவில் எந்த வீட்டு முற்றத்தில் என்ன மரம் நிற்கிறது என்று பயணிகளுக்கே சொல்வார். மரம் என்றால் அவருக்குப் பைத்தியம். காஷ்மீர் ஆப்பிள் என்று நம்பி ஒருவனிடம் வாங்கி நட்டது பிறகு காட்டுப்பேரிக்காயாக மாறியது. ஆலிவ் ஒன்று இலை விட்டது, இன்றுவரை இலை மட்டுமே விட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ராபெரிச் செடியை முதல் மழையிலேயே நத்தைகள் பங்குபோட்டுக்கொண்டன. ரப்பர் வைத்தால் நாலு காசு வரும் இடத்தில் இப்படி ஒரு கண்காட்சி.

காலுறைக்குள் வந்த விதை

அவருடைய தங்கை ஸ்டெல்லா ஜெர்மனியில் நர்ஸ். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கிறிஸ்மஸுக்கு வந்தவள், என் காலைப் பார்த்ததும் பெட்டியைத் திறந்து ஒரு ட்யூப் களிம்பை எடுத்து நீட்டினாள்.

“மைனி, இதைத் தேச்சுப் பாருங்க. அங்க கால் வீங்கினவங்க எல்லாரும் தேய்க்கியது இதுதான். மாத்திரையும் உண்டு. ஒரு மரத்துக்க கொட்டையில இருந்து எடுக்கியதாக்கும்.”

குதிரைச் செஸ்ட்நட் என்பது அந்த மரத்தின் பெயர். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரித் தெருவில் இரண்டு பக்கமும் அதுதானாம். விரித்த கைபோல ஒவ்வொரு காம்பிலும் ஐந்தோ ஏழோ இலை. கோடை தொடங்கும்போது மரம் முழுக்க வெள்ளைப் பூங்கொத்து. குளிர் ஆரம்பிக்கும்போது முள்ளுத்தோடு வெடித்து, நிறுத்தியிருக்கிற கார்மேலெல்லாம் டொக் டொக்கென்று கொட்டை விழும். மூட்டுவலிக்கு நல்லது என்று வயசானவர்கள் கோட்டுப் பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு நடப்பார்கள். பட்டையைக் கஷாயம் வைக்கிற பழக்கமும் முன்னால் இருந்ததாம்.

“பையில போட்டா வலி மாறுமா?” என்று கேட்டேன்.

“மாறாது மைனி. ஆனா பையில கிடக்கும்போ ஒரு தைரியம்” என்றாள்.

அண்ணனின் பைத்தியம் தெரிந்தவள் ஆகையால் முப்பது கொட்டைகளை ஈரக் காகிதத்தில் சுற்றி ஒரு கம்பளிக் காலுறைக்குள் திணித்துக் கொண்டுவந்திருந்தாள். காய்ந்துபோனால் முளைக்காதாம். என் கணவர் அந்தக் காலுறையைக் கையில் வாங்கிய விதத்தைப் பார்க்கவேண்டும். எங்கள் மூத்த பையனைக்கூட அவர் அத்தனை பத்திரமாக ஏந்தவில்லை.

வீட்டில் அதற்கு ‘ஜெர்மன் காய்’ என்று பெயர் வந்தது. ஸ்டெல்லா லீவு முடிந்து போய்விட்டாள். தின்னக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. அந்த ஊரில் யாரும் அதைத் தின்பதில்லை, அதனால் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

ஃப்ரிட்ஜுக்குள் ஒரு குளிர்காலம்

இந்த விதை சும்மா மண்ணில் போட்டால் முளைக்காது. மூன்று நான்கு மாதம் குளிரில் கிடக்கவேண்டும். பாறசாலைப் பக்கத்தில் குளிருக்கு எங்கே போவது? என் கணவர் போனில் படித்துவிட்டு, ஈரமணல் நிறைத்த டப்பாவில் பதினைந்தைப் புதைத்து ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டார். என் முருங்கைக்காயும் கீரையும் வெளியே வந்து வாடின. மேல்தட்டில் அயலை மீன், கீழ்த்தட்டில் ஜெர்மனியின் குளிர்காலம்.

மூன்று கொட்டைகளைத் துருவி வெந்நீரில் போட்டு வேட்டி துவைத்துப் பார்த்தார். பூந்திக்கொட்டைபோலப் பொங்கிப் பொங்கி நுரைத்தது. “லீலா, இஞ்ச வந்து பாரு! சோப்பே வேண்டாம்” என்று கூப்பிட்டார். வேட்டி உண்மையிலேயே வெளுத்தது. நானும் நின்று பார்த்தேன். இப்படி நுரைக்கிற ஒன்று வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்று ஒரு அறிவியல் டீச்சருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

மிச்சம் பன்னிரண்டு. அறுப்புப் பண்டிகை வந்தது. ஆண்டவருக்கு முதலாவதைக் கொடுக்கவேண்டும் என்று அவர் அதைப் பெட்டியில் எடுத்து வைத்தார்.

“இது நம்ம மண்ணில விளஞ்சதில்லியே” என்றேன்.

“விளையப் போவுதுல்லா” என்றார்.

அப்படித்தான் அது வில்சனின் கைக்கு வந்தது, நானும் வாயைத் திறந்தேன்.

ஏலத்தில் எடுத்தவள் விஜிலா. என்னிடம் பத்தாம் வகுப்புவரை படித்தவள். அமரவிளையில் சின்னதாக ஒரு தையல்கடை. கணவன் துபாயில். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளோடு எங்கள் வீட்டுக்குக் கீழே, ரப்பர்த் தோட்டம் தாண்டி இருக்கிறாள். “டீச்சர் வீட்டுச் சாதனமாக்கும், வேற யாருக்கும் விடமாட்டேன்” என்று போட்டி போட்டு எடுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரெண்டு வெள்ளம்

மறுநாள் திங்கட்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தேன். போன் அடித்தது. ஸ்டெல்லா.

“மைனி, அண்ணன் குரூப்பில ஒரு படம் போட்டிருக்கு. நான் டூட்டி முடிஞ்சு இப்பந்தான் பாத்தேன். அந்தக் கொட்டையை எதுக்கு ஏலத்தில வச்சிருக்கு? யாரெங்கிலும் தின்னியதுக்கா?”

“ஆமா. என்ன?”

“அய்யோ மைனி, அது விஷமாக்கும்! மருந்துக் கம்பெனியில விஷத்தை மாத்தித்தான் மாத்திரை செய்யியது. பச்சையாவும் கூடாது, வேவிச்சாலும் போவாது. யாரு எடுத்தா?”

போனைக் கட் செய்தேன். செருப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை. கணவர் ஸ்கூட்டரில் உரம் வாங்கப் போயிருந்தார். விஜிலாவின் போனுக்கு அடித்துக்கொண்டே ரப்பர்த் தோட்டத்துச் சரிவில் இறங்கினேன். எடுக்கவில்லை. வெரிகோஸ் காலோடு அந்தச் சரிவில் நான் இறங்கி வருஷக்கணக்காயிருந்தது. ரப்பர் இலைச் சருகு வழுக்கியது. இரண்டு தடவை மரத்தைப் பிடித்து நின்றேன். வலி இருந்திருக்கும். எனக்கு மணி மட்டும்தான் தெரிந்தது. மூன்று ஆகப்போகிறது. நாலு மணிக்கு அவள் மகள் ஸ்கூல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். பசியோடு வருவாள்.

விஜிலா பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. பக்கத்தில் எல்லாம் வாந்தி.

“டீச்சர்…” என்று எழுந்திரிக்கப் பார்த்தாள். அந்த நிலையிலும் எழுந்து நிற்கப் பார்த்தாள்.

“அந்தக் காய் தின்னியா மக்கா?”

“தீயல் வச்சேன் டீச்சர். தேங்காய் வறுத்தரச்சு. வேவிக்கும்போ நுரையா வந்துது. கிழங்குக்குக் கட்டு போவியதுக்குச் செய்யியமாதிரி ரெண்டு தடவ வெள்ளம் ஊத்திக் களஞ்சேன். பின்னயும் கசந்துது.”

“கசந்தா துப்பாண்டாமா?”

“நீங்க திங்கலாம்னு சொன்னியளே.”

முப்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இதைப்போல எதுவும் என்னைக் குத்தியதில்லை. நாக்கு வேண்டாம் என்று சொல்லியும் அவள் நாக்கை நம்பாமல் என்னை நம்பியிருக்கிறாள்.

மரச்சீனி தின்று வளர்ந்த ஊர் எங்களுடையது. ‘கட்டு’ என்று நாங்கள் சொல்கிற எந்தக் கசப்பும் வேகவைத்து நீரைக் கொட்டினால் போய்விடும் என்பது எங்கள் கைப்பழக்கம். கிழங்குக்கு அது சரி. ஜெர்மன் காய்க்கு அது தெரியாது.

“பொண்ணுக்கு எடுத்து வச்சிருக்கியா?”

அடுக்களையைக் காட்டினாள். மேடைமேல் ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரம், தட்டால் மூடியிருந்தது. திறந்தேன். நல்ல கறுத்த தீயல் குழம்பு, மேலே எண்ணெய் மிதந்தது, பார்த்தால் யாருக்கும் பசிக்கும். அதைத் தென்னைமூட்டில் குழிதோண்டிக் கொட்டி மண் போட்டு மூடினேன். பிறகு ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன தின்றாள் என்று கேட்டார். விஜிலா ‘ஒரு வித்து’ என்றாள். நான் பெயரை எழுதிக் கொடுத்தேன். டாக்டர் போனில் தேடிப் படித்துவிட்டு என்னைப் பார்த்து, “இது தின்னாமென்னு ஆரு பறஞ்ஞு?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“ஞான்” என்றேன்.

இரண்டு நாள் ட்ரிப் ஏறியது. முதல் நாள் அவளுக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. இரண்டாம் நாள் மாலை கஞ்சி கேட்டாள். அதுவரை அவள் மகள் என் பக்கத்தில் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சீட்டு

விஜிலா வீட்டுக்கு வந்தாள். பேச்சும் வந்தது.

ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் விஷயம். “டீச்சர் சொன்னா தப்பாது. இவ ஆக்கினது சரியில்ல” என்றார்கள். “அவ ஒழுங்கா வேவிக்காம தின்னிருப்பா. தையல்கடைக்கு ஓடியதிலயாக்கும் நோட்டம்.” தண்ணீர்ப் பைப்பு மூட்டில், பாலுக்கு நிற்கிற இடத்தில், இதே பேச்சு. விஜிலா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டவர்களிடம், “வயிறு சரியில்லாம போச்சு, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டாள்.

நானும் பேசவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. “நீ இனி அதைக் கிளறாத லீலா, அவ நல்லாத்தானே இருக்கா” என்றார் கணவர். எனக்கும் அது வசதியாக இருந்தது. வசதியாக இருக்கிறதே என்பதுதான் உறுத்தியது.

எங்கள் சபையில் நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை வைக்கிறவர்கள் காரணத்தை ஒரு சீட்டில் எழுதி உறையோடு வைப்பார்கள். போதகர் அதை எல்லார் முன்பாகவும் வாசிப்பார். பரீட்சை பாஸானதற்கு, புது ஸ்கூட்டருக்கு, விசா கிடைத்ததற்கு. பெயர் சொல்ல விரும்பாதவர்கள் ‘ஒரு சகோதரி’ என்று எழுதுவார்கள்.

சனிக்கிழமை மதியம் நான் ஒரு சீட்டு எழுதினேன். ‘ஒரு சகோதரி, ஒரு பெண் சுகமடைந்ததற்காக.’ வாசித்துப் பார்த்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி விடை எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்கூடப் போட்டிருக்கமாட்டேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தார். வழக்கம்போல அவர் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கவில்லை.

“லீலா டீச்சர். ஏலத்தில் விட்ட காயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததுபோலத் தின்னலாம் என்று சொன்னேன். அது விஷம். விஜிலா சரியாகத்தான் சமைத்தாள், என்னை நம்பினதுதான் அவள் செய்த தவறு. அவளும் பிள்ளையும் பிழைத்ததற்காக…”

அவர் நடுவில் ஒரு தடவை கண்ணாடியைச் சரிசெய்தார். பெண்கள் பக்கத்தில் யாரோ ‘ஆண்டவரே’ என்றார்கள். நான் முன் பெஞ்சின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, நன்றாகவே வெட்கமாக இருந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது விஜிலா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். “என்னத்துக்கு டீச்சர் இப்பிடியெல்லாம்” என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டபடி போய்விட்டாள்.

மரம் இப்போது

அந்த மாதமே நான் ஆப்பரேஷனுக்குச் சம்மதித்தேன். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது கால் தேவலை. ஸ்டெல்லா தந்த களிம்பு கொஞ்சம் சுகம் தந்தது என்றே நினைக்கிறேன். அது களிம்பாலா, தேய்த்துவிட்ட என் கணவரின் கையாலா என்பது தெரியாது.

ஃப்ரிட்ஜில் கிடந்த பதினைந்தில் மூன்று முளைத்தன. ஒன்றை எலி கொண்டுபோயிற்று, ஒன்று மேமாத வெயிலில் கருகியது. ஒன்று நிற்கிறது. வீட்டுக்கு வடக்கே, பலாமரத்து நிழலில், பச்சை வலைக்குக் கீழே என் இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. மார்ச் வந்தால் இலையோரம் காய்ந்து சுருளும், மழை வந்தால் மறுபடி துளிர்க்கும். ஜனவரி மாதம் என் கணவர் அதன் மூட்டில் ஐஸ்கட்டி கொண்டுபோய்க் கொட்டுகிறார். இந்த ஊரில் இது பூக்காது என்று ஸ்டெல்லா சொல்கிறாள். எங்கள் மரத்திலிருந்து இதுவரை எந்த மருந்தும் எடுத்ததில்லை. பார்க்க வருகிறவர்கள் இலையைக் கிள்ளினால் கணவருக்குக் கோபம் வரும், வாயில் வைத்தால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்த வருஷம் அறுப்புப் பண்டிகைக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மூடு மரச்சீனி, ஒரே செடியின் கிழங்கு, மட்டும் கொண்டுபோனோம். நம் மண்ணில் விளைந்தது. வில்சன் அதைத் தூக்கிப் பிடித்தார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அந்த மனுஷன் விடுவாரா?

“டீச்சரே, இது திங்கலாமா?”

பந்தல் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

“நேத்து இதே மூட்டுக் கிழங்கை வேவிச்சு நாங்க ரெண்டுபேரும் தின்னோம். இண்ணைக்கு இஞ்ச நிக்கியோம். அதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்றேன்.

மறுபடியும் சிரிப்பு. சிரிப்பு அடங்கியும் யாரும் விலை கேட்கவில்லை. வேடிக்கைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நீளமாக இருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் விலை சொன்னது. விஜிலா. அவளுக்கு எதிராக யாரும் ஏற்றிக் கேட்கவில்லை. கிழங்கை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

“வெள்ளம் எத்தன தடவ ஊத்தணும் டீச்சர்?”

“இதுக்கு ஒரு தடவ போரும் மக்கா.”

“நீங்க சொன்னாலும் நான் ரெண்டு தடவ ஊத்துவேன்” என்று சிரித்துவிட்டுப் போனாள்.